மேல்கணக்கில் ஆறு

பெப்ரவரி 12, வியாழன்

காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் வெயில். காரை ஜாக்கியில் தூக்கி நாலு சக்கரமும் கழற்றியாயிற்று. முதுகு வலி.

நேற்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும். நாள் போனால் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். கடைசியில் கிழவன் பார்த்த வேலை என்று முடிப்பார்கள்.

மகள் ஜெயந்தி பாங்கில் வேலை முடித்து, பதுளையில் நிஸாம் நானாவின் கராஜிலிருந்து காரை எடுத்திருக்கிறாள். சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் நாலு ஷொக்கையும் இறக்கிப் புது ரப்பர் புஷ் போடக் கொடுத்திருந்தோம். கூடவே என் மனைவி பார்வதி, கிளினிக் போய்விட்டு. பசறை வரை ஒன்றுமில்லை. கார் கொஞ்சம் விறைப்பாக இருந்ததாம், புது புஷ் என்று நினைத்தாளாம். தோட்டத்துக்குள் கீழ்க்கணக்கு லய வீடுகள் வரை தார். அங்கிருந்து எங்கள் மேல்கணக்குக்கு ஏறுவது கல் ரோடு. தூறல் வேறு. கோயில் வளைவில் பின்பக்கம் துள்ளி, கல்லை விட்டு எழும்பி, காரைக் குறுக்கே திருப்பிவிட்டது. பின் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள். அந்தக் கான் மட்டும் இல்லாவிட்டால் தேயிலைச் சரிவு. அதற்கும் கீழே பாறை.

பார்வதிக்கு முன் சீட்டில் மோதி உதடு கிழிந்து தையல். ஜெயந்திக்குக் காயம் இல்லை. சாவியை மேசையில் வைத்து, "இந்தக் கார இனி நான் ஓட்டமாட்டேம்ப்பா" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

22ஆம் தேதி வெலிமடைப் பக்கம் மலையேற்றப் போட்டி. பெயர் கொடுத்தாகிவிட்டது. மூன்று வருடமாக அவளும் நானும் இந்தக் காரைக் கட்டியதே அதற்குத்தான். ஸ்பிரிங்கை ஏற்றலாம், இறக்கலாம். ஷொக்கை இறுக்கலாம், தளர்த்தலாம். வாரத்தில் பாங்குக்குப் போகிற கார், ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போகும். இது தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. காரைக் குட்டையாக்கிய கிழவன், அவ்வளவுதான் நான்.

பார்த்தவை:
ஸ்பிரிங் நாலும் நலம்.
உயரம் பூட்டும் வளையங்கள், இறுக்கம்.
எண்ணெய்க் கசிவு இல்லை.
கடைசியாகத் திருகு. ஷொக்கின் தலையில் இருக்கும் சின்னத் திருகு, திருப்பினால் சொடுக்குச் சொடுக்காக விழும். முழுக்கத் தளர்த்திவிட்டு அங்கிருந்து ஆறு சொடுக்கு. கல் ரோட்டுக்கு அதுதான் என் அளவு. நிஸாமுக்குப் போனில் சொன்னதும் அதுதான். இருந்தது பதினெட்டு. நாலிலும் பதினெட்டு.

கல் ரோட்டில் பதினெட்டு. காரா அது, மரக்கட்டை. துள்ளாமல் என்ன செய்யும்.

ஆக, நிஸாம்.

பெப்ரவரி 13, வெள்ளி

விட்டு விட்டு மழை. பருப்பு, கருவாடு. பார்வதி தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பேச்சு இல்லை. வாய் வலி என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் நன்றாகத்தான் பேசுகிறாள்.

நிஸாமுக்குப் போன். சொன்னபடி ஆறுதான் வைத்தேன் என்றார். பதினெட்டு இருந்தது என்றேன். ஆறு என்றார். அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா என்றேன். அவரும் அதையே கேட்டார். போனை வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

தோட்ட லொறி ஓட்டினேன், அதன் பட்டை ஸ்பிரிங்கை நானே மாற்றினேன். அதற்கு ஒரு மெக்கானிக் சம்பளம் கேட்டேன், கொடுக்கவில்லை. படிப்பு இல்லையாம். இந்த ஷொக் வேலையை ஜப்பான்காரன் பேசுகிற வீடியோவில் கற்றேன். ஒரு சொல் புரியாது. அவன் கையை மட்டும் பார்த்தேன். கை போதும்.

பின்னேரம் சின்னையா கங்காணி வாசலில் நின்றார். வேலையை விட்டு ஏழு வருடம், வாய் மட்டும் இன்னும் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் நிற்கிறது.

"என்னா டிரைவரே, கார் இன்னுங் குனிஞ்சு கும்புட்டுக்கிட்டே இருக்கு. சாமி இன்னும் வரம் குடுக்கலியா?"

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். போய்விட்டார்.

ஜெயந்தி வேலைக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாள். காரைக் கடந்துதான் வீட்டுக்குள் வர வேண்டும். அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெப்ரவரி 14, சனி

வெயில். பசறை வழியாக பதுளைக்கு பஸ். கூட்டம். நின்றுகொண்டே.

நேரே கராஜ். நாலைந்து பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் போனேன். என் மனைவியின் உதட்டைப் பற்றிச் சொன்னேன், கானைப் பற்றிச் சொன்னேன், பதினெட்டைப் பற்றிச் சொன்னேன். நிஸாம் கையைத் துடைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. பார்வதிக்கு அடிபட்டது அவருக்கு அதுவரை தெரியாது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, போன்ல என்னா சொன்னீங்க? மேல்கணக்குல ஆறு வைங்கன்னு சொன்னீங்க. மேல இருந்து எண்ணி ஆறு வெச்சேன்."

முழுக்க இறுக்கிவிட்டு, அங்கிருந்து ஆறு பின்னால். மொத்தம் இருபத்து நாலு சொடுக்கு. அதில் ஆறு போனால் பதினெட்டு.

மேல்கணக்கு என்றால் ஒரு இடம். பெரட்டுக் களம், லயம், கோயில், நான் பிறந்த வீடு. தோட்டத்தைப் பிரித்த வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மேல்கணக்கு, கீழ்க்கணக்கு. மேல்கணக்கு ரோட்டுக்கு ஆறு என்றுதான் சொன்னேன். இதில் என்ன குழப்பம்?

"மேல்கணக்குன்னா நாங்க இருக்கிற எடம், நானா."

"கராஜ்ல கணக்குன்னா எண்றதுதானே அண்ணே. ஒங்க எடத்துக்கு வேற பேரே கெடைக்கலியா?"

ஆட்டோக்காரன் ஒருவன் சிரித்தான். நிஸாமும் சிரித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். தேத்தண்ணி சொன்னார். குடிக்கவில்லை. ஷொக்கோடு வந்த தாளிலும் இறுகிய பக்கத்திலிருந்துதான் எண்ணச் சொல்லியிருக்கிறதாம், எல்லோரும் அப்படித்தானாம். எல்லோரும் மேல்கணக்குக்குக் கார் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் சொல்லில் பிழை இல்லை. தளர்ந்த பக்கத்திலிருந்து என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தலைவலி மாத்திரை வாங்க மறந்தது.

பெப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. பார்வதி விரதம். கோயிலுக்குப் போகும் வழியில் அந்த வளைவில் நின்று சூடம் கொளுத்தினாளாம். யாரோ வந்து சொன்னார்கள். எனக்குக் கேட்கட்டும் என்று.

நிஸாம் ஜெயந்தியை அழைத்து எல்லாம் சொல்லியிருக்கிறார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். நான் என் பக்கத்தைச் சொன்னேன். அவர் அவர் பக்கத்தைச் சொல்லிவிட்டார் என்றாள்.

"ரெண்டு பேரும் சரின்னா, அம்மா ஒதட்டுல தையல் எப்படிப்பா வந்துச்சு?"

பிறகு அவளே சொன்னாள். போட்டிக்குப் போவாள். இதே காரில். ஆனால் இன்றிலிருந்து அந்தத் திருகில் அவள் கை மட்டும். நிஸாமும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது. எத்தனை சொடுக்கு என்று என்னிடம் சொல்லவும் மாட்டாள். சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேனாம்.

தேடி வாங்கியது நான், பூட்டியது நான், எனக்கே சொல்லமாட்டாயா என்றேன். அப்படியென்றால் நீங்களே போட்டிக்கு ஓட்டுங்கள் என்றாள். என் வலது கண்ணில் பூ விழுந்தது தெரிந்துதான் சொன்னாள்.

சாவி இன்றே மேசையிலிருந்து போய்விட்டது.

பெப்ரவரி 17, செவ்வாய்

குளிர். வெளிச்சம் வந்ததும் காரை எடுத்துக்கொண்டு கீழ்க்கணக்குத் தார் ரோட்டுக்குப் போய்விட்டாள். தோட்டத்து ஆட்கள் மலைக்கு ஏறும் முன் நாலு தரம் ஓட்டிப் பார்க்கிறாள். நான் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றேன். அங்கிருந்து ரோடு தெரியாது, சத்தம் வரும்.

பெரிய வளைவில் டயர் அழுகிறது. பின் டயர். பின்பக்கம் இறுக்கம் கூடிவிட்டது என்று என் கணிப்பு. ஒரு தரம் சத்தம் அறுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். கியர் மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"என்னா டிரைவரே, காலங்காத்தால தொட்டிக்குக் காவலா?" கங்காணி. தண்ணீர் வரவில்லை, அதைப் பார்க்க வந்தேன் என்றேன். தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு துண்டுத் தாளில் பின்பக்கம் மூன்று தளர்த்து என்று எழுதினேன். கிழித்து அடுப்பில் போட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து மூன்று என்று கேட்பாள்.

பெப்ரவரி 19, வியாழன்

டயர் காற்று பார்த்தேன். அதற்குத் தடை இல்லை, கேட்டுக்கொண்டேன்.
கண் டொக்டர் அடுத்த மாதம்.
கோழிக்குத் தீனி முடிந்தது.

பின்பக்கம் எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். இன்று தொட்டிப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குள் இருந்தே டயர் அழுவது கேட்டது.

பெப்ரவரி 21, சனி

வானம் மப்பு. நாளை போட்டி.

ஜெயந்தி குளிக்கப் போனாள். பொனட்டைத் திறந்தேன். ஒளிவு மறைவாக இல்லை, பட்டப்பகலில், என் காரின் பொனட். பின்பக்கம் மூன்று, முன்பக்கம் ஒன்று தளர்த்த வேண்டும். அதற்கு மேல் தொடுகிற எண்ணம் இல்லை. சின்ன ஸ்குரூடிரைவர் கையில்.

திருகின் மேல் சிவப்பாக ஒரு கோடு. நகத்துக்குப் பூசுகிற சாயம். திருகிலிருந்து பக்கத்து இரும்புக்கு இழுத்து, காயவிட்டிருக்கிறாள். ஒரு சொடுக்கு திருப்பினால் கோடு உடையும். முன்னால் இரண்டிலும் கோடு. டிக்கியைத் திறந்து பார்த்தேன். அங்கேயும்.

என் வீட்டில் எனக்கு முத்திரை வைத்திருக்கிறாள். கள்ளனுக்கு வைப்பது போல. உடைந்தால் உடையட்டும், உயிர் முக்கியம் என்று ஸ்குரூடிரைவரைத் திருகில் வைத்தேன்.

பின்னால் பார்வதி. எப்போது வந்தாளோ. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு.

"கைய எடுங்க. ஒங்க ரெண்டு பேரு கணக்குலயும் நான் ஒருக்கா செத்துப் பொழச்சிட்டேன்."

தையல் பிரித்த இடம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. அதைத்தான் பார்த்தேன்.

டிக்கியை மூடினேன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

விடியுமுன் புறப்பாடு. மூன்று பேரும். பார்வதி ரொட்டி, சம்பல், பிளாஸ்கில் தேத்தண்ணி. பின் சீட்டில் அம்மா பெல்ட் போட்டிருக்கிறாளா என்று ஜெயந்தி இரண்டு முறை கேட்டாள்.

போய்ச் சேரும்போது வானம் சுத்தம். பரிசோதனை முடிந்தது, நம்பர் ஒட்டினார்கள். நிஸாம் வந்திருந்தார், தூரத்தில் நின்றார். நானும் தூரத்தில் நின்றேன். அவளுக்கு முன் ஐந்தாறு கார் இருக்கும்போது மழை. சும்மா தூறல் இல்லை, கொட்டியது. ஈர ரோட்டுக்கு ஷொக்கைத் தளர்த்த எல்லோரும் பொனட்டைத் திறந்து குனிந்தார்கள்.

ஜெயந்தி வானத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

"அப்பா, கொடையப் புடிங்க."

பிடித்தேன். நகத்தால் சாயக் கோட்டைச் சுரண்டினாள். திருகில் கை வைத்ததும் நான் மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேச்சு பேச்சுதான். ஆனால் காதை எங்கே திருப்புவது. முன்னால் இடது, முன்னால் வலது. பிறகு டிக்கி, அங்கேயும் குடை பிடித்தேன். ஒவ்வொரு சொடுக்கும் விழுந்தது.

பின்பக்கம் நான் நினைத்ததைவிட நிறையவே தளர்த்தினாள். முன்பக்கம் போதாது. இன்னும் இரண்டு வேண்டும், ஈர ரோட்டில் மூக்கு வெளியே ஓடும். சொல் பல் வரை வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தது போல இருந்தது. குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹெல்மெட்டை மாட்டினாள்.

முதல் வளைவு தெரிந்தது. அதற்குப் பிறகு மரங்கள், சத்தம் மட்டும். பார்வதி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது வளைவு இருக்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று விழுந்தது. பக்கத்தில் ஒருவர் "போச்சு" என்றார். நிஸாம் ரோட்டு ஓரம் வரை ஓடிவிட்டார். எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு சத்தம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, உச்சியில் நின்றது.

ஒலிபெருக்கி சிங்களத்தில் சொன்னது. அவள் வகுப்பில் நாலாவது. நிஸாம் வந்து என் பக்கத்தில் நின்றார். நகரவில்லை நான்.

கார் இறங்கி வந்தது. ஒரு கீறல் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தாள். முன்பக்கம் இன்னும் ரெண்டு தளர்த்தியிருக்கணும், மூணாவது வளைவில் வெளியே இழுத்துவிட்டது என்றாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள்.

"எண்ணுனீங்கதானே?"

மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.