ரோஷன் வைத்த அரைச் சுற்று

லூர்து,

கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. பதினோரு மணிக்கு வண்டியை விலைக்கு வாங்கிய கோபாலபுரத்துக்காரர் அதை எடுக்க வருவார். சாவியை மட்டும் கொடு, நீ வெளியே வர வேண்டாம். மீன் குழம்பைச் சூடாக்கி வைத்திருக்கிறேன். நேற்று அழுததிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை.

எஞ்சினில் மிச்சக் காற்றைத் திருப்பிவிடும் சூப்பர்சார்ஜர் பைபாஸ் வால்வைச் சரிசெய்துவிட்டேன். நம் ரோஷன் அதன் ஸ்க்ரூவை அரைச் சுற்று அதிகமாக டைட் செய்திருந்தான். வால்வு முழுசாகத் திறக்காமல், வண்டி மெதுவாக வந்தாலும் விசில் அடிக்கும். தப்புடா என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! "இருக்கட்டும்பா, தெருமுனைல அந்தச் சத்தம் கேட்டாத்தான் அம்மா தோசைக்கல்ல அடுப்புல வெக்கிது" என்பான்.

இனி அந்தச் சத்தம் வராது. நீ சொன்னபடி வண்டியும் இங்கே இருக்காது.

கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன். அவனுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்றே ஒருதடவை ஸ்க்ரூவைச் சரியாக வைத்திருந்தேன். நேற்று ஒரே ஒருதரம் கேட்கலாம் என்று நானே திரும்ப டைட் செய்து, தெருமுனையிலிருந்து ஓட்டிவந்தேன்.

நீ அடுப்பில் கல்லை வைத்துவிடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை, லூர்து.