வளைவுக்கடியில் கும்பிட்ட விளக்கு

அன்பு மகள் மதுஷாவுக்கு,

கண்டி மாநகர சபையை முப்பது வருடம் ஒற்றைத் தோளில் தாங்கியவனும், பெற்றவர்கள் போன பிறகு உன்னை வளர்த்தவனுமான சித்தப்பா எழுதுவது. நானும் யசோதா சித்தியும் சுகம். நீயும் வயிற்றில் இருப்பவரும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் சுகமாக இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரைத் தினமும் தொந்தரவு செய்கிறோம். பக்கத்து வீட்டுத் துஷானி நாளை மறுநாள் பாரிசுக்கு வருகிறாள், இதை அவளிடம் கொடுத்து விடுகிறேன். போனில் சொன்னால் சித்தி பக்கத்திலேயே நிற்பாள், இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம்.

உன்னைப் பார்க்கப் பாரிசுக்கு வந்திருந்தபோது, என் விசா முடிய இரண்டு நாள் இருக்கையில், "என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காம அந்தப் பெரிய வளைவையாவது பாத்துட்டு வாங்க சித்தப்பா" என்று விரட்டினாயே, போனேன். நம் கண்டிப் பெரஹரா ஊர்வலத்து யானைகளை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உச்சி எட்டாது. பன்னிரண்டு தெரு வந்து முட்டுகிற இடம், உலகத்துக் கார் முழுவதும் அதைச் சுற்றுகிறது, நிலத்துக்குக் கீழே வழி இருப்பது தெரியாமல் நானும் அரை நாள் சுற்றினேன். பிறகு மூவாயிரம் படி ஏறினேன். டிக்கட் தந்த பெண் இருநூற்று எண்பத்து நான்குதான் என்று சாதித்தாள், அவள் கதிரையை விட்டு எழுந்தவளே இல்லை. உச்சியில் நின்று உன் ஆஸ்பத்திரியைத் தேடினேன். பாரிஸ் முழுவதும் தெரிந்தது, அது மட்டும் தெரியவில்லை. இறங்கி வந்தால் வளைவுக்கு அடியில் தரையோடு ஒரு தீபம் எரிகிறது, சுற்றிவரப் பூ. நம் ஆட்கள் என்ன நினைப்போம். சப்பாத்தைக் கழற்றி, சங்கிலியைத் தாண்டி, சுவாலைக்கு மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் மகளுக்கு இன்னும் பத்து வாரம் கொடு என்று கேட்டேன். சுற்றிக் கும்பிடத் தொடங்கியபோது பொலிஸ்காரர் வந்தார். அவர் பேசியது எனக்கு விளங்கவில்லை, நான் அழுதது அவருக்கு விளங்கியிருக்கும், கையைப் பிடித்து மெதுவாக வெளியே கொண்டுவந்து விட்டார். அங்கே நின்ற யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், "ஐயா, இது கோயில் இல்லை, பேர் தெரியாத ஒரு ஆமிக்காரனைப் புதைச்ச இடம், சப்பாத்தைப் போடுங்கோ" என்றார்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்காரர் செத்த வீட்டுத் தெருவில்கூட நடக்கமாட்டோம், நான் சமாதியில் போய்ப் பிள்ளைக்கு நாள் கேட்டிருக்கிறேன். அன்று உன்னிடம் வந்து வளைவைப் பற்றி அளந்தேன். நீ சிரித்தாய், பிள்ளை முந்தி இறங்காமலிருக்கத் தையல் போட்டவள் சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள். இங்கே நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கலாம் என்றால் சித்தி காரணம் கேட்பாள். குருக்களிடம் கேட்கலாம், அவர் என்ன சொல்வாரோ என்று கோயில் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

வியாழக்கிழமை ஸ்கேன் என்று மாப்பிள்ளை யுகேஷ் சொன்னார். சித்தப்பாவுக்கு நல்ல செய்தி மட்டும் சொல்லுங்க என்று நீ அவருக்குக் கட்டளை போட்டிருப்பதாகவும் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்படிச் செய்யாதே மகள். எதுவானாலும் அன்றைக்கே சொல்லச் சொல். தெரிந்தாலும் இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்துகொண்டே ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன்.

இடது பக்கமாகவே படு, எழும்பி நடக்காதே. இரண்டு உயிரும் நூறு வயது காண ஆசீர்வதிக்கும்,

உன் சித்தப்பா
வீரசிங்கம்