அப்பாவின் கால் கட்டைவிரலும் மூன்று நாடாக்களும்

என் அன்புப் பெரியப்பாவுக்கு,

உங்கள் தறியில் இப்போது அப்பா நெய்கிறார். அந்தத் தறியில் குறுக்கு நூலை ஓட்டுகிற நாடா மூன்றும் இந்த நேரம் என் புத்தகப் பையில், கணக்குப் புத்தகத்துக்கு அடியில் இருக்கின்றன. நெய்கிறவரைத் தவிர வேறு யாரும் நாடாவைத் தொடக்கூடாது என்று சின்ன வயதில் என் கையில் ஒரு தட்டு தட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு நானே எடுத்து ஒளித்துவிட்டேன். எல்லோரும் தூங்குகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் செய்தது சரி. அதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

போன மாதம் வந்தவாசியில் மாமா வீட்டுக் கல்யாணம். மறுநாள் கறி விருந்தில் அப்பா ஈரல் வறுவலைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமாவோடு வெளியே போய் என்ன குடித்தார் என்பது அம்மாவுக்குத் தெரியும், நான் எழுதமாட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தவர் விடியற்காலையில் முனகினார். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு தக்காளி போலச் சிவந்து, தோல் இழுத்துப் பளபளத்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே சூடு தெரிந்தது.

தறியின் மிதிக்கட்டை பட்டுவிட்டது என்றார் அப்பா. முள் ஏறியிருக்கும் என்று அம்மா டார்ச் அடித்துத் தேடினார். பிறகு உப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்க வந்தார், அப்பா அலறிவிட்டார். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, புதுச் செருப்பு கடித்திருக்கும், கல்யாண மாப்பிள்ளையை விட இவர்தான் மினுக்கிகினு இருந்தாரு என்று கிண்டல் செய்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அப்பா அதைச் சொன்னார்.

"கோமதி, அந்த ஃபேன நிறுத்துமா. காத்து பட்டாலே உயிர் போவுது."

கத்திரி வெயில் நேரம், பெரியப்பா. அந்தப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தச் சொன்னவர் இந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான். போர்வையின் நுனி பட்டால்கூடக் காலை இழுத்துக்கொள்வீர்கள். அடிபட்ட விரல் தொட்டால் வலிக்கும். காற்றுக்கு வலிக்குமா?

உங்களுக்கு அந்த வலி ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். நாமும் மறந்துவிடுவோம். சில மாதம் கழித்துத் திரும்ப வரும். அப்புறம் கணுக்கால், அப்புறம் முட்டி. மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தறிக்குழியில் இறங்கிவிடுவீர்கள். கடைசியில் சிறுநீரகம் போய்விட்டது என்று வேலூர் டாக்டர் சொன்னபோதுதான் அந்த விரலைப் பற்றி முதல் தடவையாக ஒருவர் விசாரித்தார்.

நீங்கள் இறந்த பிறகு அப்பாவுக்கு முன்னால் யாரும் உங்கள் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். அன்றைக்கு நான் எடுத்தேன். "பெரியப்பாவும் இப்பிடித்தான் ஃபேன நிறுத்த சொன்னாரு."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "சைக்கிள எடு. நான் பின்னாடி குந்திகினு வரேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். நான் மிதிக்க, அப்பா காலை நீட்டிக்கொண்டு வந்தார். தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், இன்னாபா, பொண்ணு உன்ன ஸ்கூல்ல சேக்க இட்டுகினு போவுதா என்று கேட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைப் பார்த்ததுமே, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்றார். நான் உங்களைச் சொன்னேன். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டில் போய்ப் படிகிறது, கவுட் என்று பெயர், ஆரம்பத்திலேயே பிடித்தால் அடக்கி வைக்கலாம் என்றார். வலி இருக்கும்போது சோதித்தால் சில பேருக்கு அளவு சரியாக இருப்பது போலக் காட்டிவிடுமாம். அதனால் வலி போய் இரண்டு வாரம் கழித்து ரத்தம் கொடுக்க வரச் சொன்னார். கடையில் அப்பா தானாக வலி மாத்திரை வாங்கக்கூடாது, சிறுநீரகத்துக்கு ஆகாது என்றும் சொன்னார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "வலி போனதும் யாரும் வரமாட்டாங்கம்மா. நீதான் கூட்டிட்டு வரணும்" என்றார்.

வலி போய்விட்டது. அதுதான் எனக்குப் பயம். தறி பழையபடி சீராகச் சத்தம் போடுகிறது, அம்மா சந்தோஷமாக இருக்கிறார். நாளைக்குத்தான் ரத்தம் கொடுக்கவேண்டிய நாள். சாயங்காலம் ஞாபகப்படுத்தினேன். அப்பா காலை ஆட்டிக் காட்டினார். "கால்தான் நல்லாகீதே. சும்மா பேஜார் பண்ணாத. இந்த சேலைய முடிச்சிட்டு பாக்கலாம்." நீங்களும் ஒவ்வொரு சேலைக்கும் இதைத்தானே சொன்னீர்கள்?

அதனால்தான் நாடாவை எடுத்தேன். காலையில் குழியில் இறங்கிக் கையை நீட்டுவார், இருக்காது. கத்துவார். கத்தட்டும். சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன். ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு அவர் வெளியே வந்த பிறகுதான் பையைத் திறந்து மூன்றையும் கொடுப்பேன். அதற்கு முன்னால் யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. அப்பா அடிக்க வந்தால், அன்றைக்கு நீங்கள் தட்டிய அதே கையை நீட்டுவேன்.

இப்படிக்கு,
நாடாவைத் தொட்டுவிட்ட உங்கள் தம்பி பொண்ணு,
கோமதி