இலையோடு போன பல் க்ளிப்

அன்பு மகள் அன்புக்கரசிக்கு, நைனா சொல்லச் சொல்ல உன் தம்பி செம்பியன் எழுதுவது. இங்கே குப்பத்தில் எல்லோரும் சுகம். செம்பியன் மகளுக்குக் காது குத்திய இடம் ஆறிவிட்டது, குழந்தை அழாமல் கம்மல் போட்டுக்கொள்கிறாள். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வெயிலுக்குத் தப்பி சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசிவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

ஜெமினி மேம்பாலம் திறந்த வருஷம். பெசன்ட் நகரில் ஹவுசிங் போர்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன, நம் குப்பத்திலிருந்து பார்த்தால் சாரம்தான் தெரியும். அந்த வருஷம் ஆடி கழித்து, உன் அம்மா பொன்மணியைப் பெண் பார்க்க நொச்சிக்குப்பம் போனோம். காப்பி கொண்டுவந்தவளை என் அப்பா ஏதோ கேட்க, அவள் சிரித்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து, உனக்கு இருக்கிற அதே சந்து. உடனே எங்கள் பக்கத்து ஒருத்தி, பொண்ணு பல்லு சந்துல கட்டுமரமே பூந்து போவும் போலகீதே என்றாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது. உன் அம்மா கையால் வாயை மூடினாள். அதற்குப் பிறகு அந்தக் கை இறங்கவே இல்லை. ஆழ்வார்பேட்டைத் தெருக்களில் மீன் விற்கும்போது ஒரு கை தலைக்கூடைக்கு, ஒரு கை வாய்க்கு. அவள் போட்டோ ஒவ்வொன்றையும் எடுத்துப் பார், எதிலாவது பல் தெரிகிறதா.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காதுகுத்து விருந்தில் நடந்ததை நீ தப்பாக எடுத்துக்கொண்டாய். மாலை போட்ட உன் அம்மா படத்துக்குக் கீழே சாப்பிட உட்கார்ந்ததும், சந்தை மூட மாட்டியிருந்த அந்தக் கண்ணாடி மாதிரிப் பல் க்ளிப்பைக் கழற்றினாய், டப்பா மாடியில் பையில் இருந்தது, டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலை ஓரமாக வைத்தாய். குழந்தை அழுகிறாள் என்று எழுந்து போனாய். திரும்பி வந்தால் இலையும் இல்லை, க்ளிப்பும் இல்லை. செம்பியனும் நானும் எச்சில் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம், அதற்குள் பாதியை நாய்கள் இழுத்துப் போயிருந்தன. அப்போது நீ, அம்மாவுக்குப் புடிக்கல நைனா, அதான் அவ படத்துக்குக் கீயவே காணாப் போச்சி, அவ குடுத்த சந்து அப்டியே இருந்துட்டுப் போவட்டும் என்று அழுதாய். மஸ்கட் போனதும், டாக்டர் வரிசையாகக் கொடுத்ததில் அடுத்த க்ளிப்பையும் மாட்டவில்லை. போன ஞாயிறு வீடியோவில் பார்த்தேன், பாதி மூடியிருந்த சந்து மறுபடி விலகுகிறது. என் கண் இன்னும் நல்ல கண்.

நீ ஒன்பதாவது படிக்கையில், ஆழ்வார்பேட்டையில் மீன் வாங்குகிற ஒரு பல் டாக்டரம்மாவிடம் தன் பல் சந்தை மூட முடியுமா என்று உன் அம்மா தானாகவே கேட்டாள். பல்லில் கம்பி கட்ட வேண்டும், இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள். கம்பிய கட்டிக்கினு நான் எப்டி வஞ்சிரம் வஞ்சிரம்னு கூவறது என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள், கையால் மூடிக்கொண்டுதான். அப்புறம் சொன்னாள், நம்ம பொண்ணாச்சும் வாயத் தொறந்து சிரிக்கணும்யா என்று. கழற்றி மாட்டுகிற க்ளிப் அப்போது வந்திருந்தால் முதல் ஆளாக மாட்டியிருப்பாள். உனக்கு அவள் முகம் வேண்டுமென்றால் மூக்கு இருக்கிறது, நெற்றி இருக்கிறது. கூச்சத்தை எதற்குச் சேர்த்து வைக்கிறாய்.

அதனால் இந்த வாரமே அங்கே உன் டாக்டரைப் போய்ப் பார். விட்ட இடத்திலிருந்து தொடர மறுபடி அளவெடுப்பார்கள் என்று செம்பியன் சொல்கிறான். சாப்பிடும்போது டப்பாவில் வை, பேப்பரில் சுற்றாதே. டீ குடித்தால் கொப்பளித்துவிட்டு மாட்டு. எல்லாம் முடிந்த பிறகும் ராத்திரி க்ளிப்பை விடாதே, விட்டால் பல் பழைய இடத்துக்கே ஓடும். அடுத்த தடவை வரும்போது மூடின பல்லோடு வருவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா படத்துக்குப் பக்கத்தில் உன்னை நிறுத்தி, பல் தெரிய ஒரு போட்டோ எடுத்து மாட்டப் போகிறேன், ஆணிகூட அடித்தாகிவிட்டது. கடலம்மா உன்னையும் மாப்பிள்ளையையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு, கைநாட்டு வைக்கும் உன் நைனா,
வடிவேலு.

இன்னொன்று. இலையை எடுத்தது யார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. கண்ணகி நகரிலிருந்து வந்து உட்கார்ந்தவள் தானாகவே சொன்னாள், அந்தப் பொண்ணு துன்ட்டு எய்ந்துட்டான்னு நான்தான்டா மடிச்சிப் போட்டேன், உள்ள இன்னா கீதுன்னு எனக்கு இன்னா தெரியும் என்று. பொக்கை வாயைத் திறந்து சிரிக்க வேறு செய்தாள். அன்றைக்குக் கட்டுமரம் என்று சொன்ன வாயும் அதே வாய்தான். உன் அம்மா படத்தை விட்டு இறங்கி வரவில்லையம்மா. நொச்சிக்குப்பத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், என்னைத் தவிர மிச்சம் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி, என் அத்தை தேவானை.