வீடியோவில் நான் சொன்ன வார்த்தை

அன்புள்ள என் தங்கை மகளுக்குப் பெரியம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன் இருக்கும்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் என் வாய் தானாகப் பெருமை பேசும். எழுத்துக் கூட்டி எழுதும்போது பொய் சொல்லச் சோம்பலாக இருக்கிறது.

அடுத்த மாதம் இன்னும் பேச்சு வராத உன் மகனை அந்தக் காற்றுப்பெட்டி டாக்டரிடம் கூட்டி வரப்போவதாக உன் அம்மா சொன்னாள். கல்யாணத்தன்று என் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்த் தொலைத்தவள், இதையாவது நேரத்தோடு சொன்னாள். நான் பேசிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து அழுதாயாம். கேட்டதும் பேனாவைத் தேடி எடுத்தேன்.

வராதே, மகளே.

"இது இன்னும் சோதனையிலதான் இருக்கு, ஆனா உங்க பேத்தி பேசிடுவா" என்றுதான் டாக்டர் சொன்னார். நான் 'ஆனா'வுக்குப் பின்னால் வந்ததை மட்டும் கேட்டுக்கொண்டேன். மருமகள் வேண்டாம் என்றாள். மகனைத் தூண்டிவிட்டவள் நான். பேத்தியைப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடிக் காற்றை ஏற்றினார்கள். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணாடியை உதைத்தாள். பழகிவிடும் என்றார்கள். நான் வெளியே நின்று கைதட்டிச் சிரித்துக் காட்டினேன்.

ஒருநாள் பெட்டியிலிருந்து வந்ததும் என் பையைப் பிடித்து இழுத்து "பாட்டி" என்றாள். டாக்டர் உடனே போனை நீட்டிப் படமெடுத்தார். இந்தப் பெட்டியால்தான் பேத்தி பேசிவிட்டாள் என்று நான் அழுதுகொண்டே பேசியதை ஊரெல்லாம் பார்க்கப் போட்டுவிட்டார்.

"அத்தே, அது உங்களைக் கூப்பிடறது இல்ல. பெட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே அவ அதைச் சொல்லிட்டு..." என்று மருமகள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்க விடவில்லை நான். "அம்மான்னு கூப்பிடலையேன்னு உனக்கு வயித்தெரிச்சல்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன். அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கோபம் உனக்குத் தெரியுமே.

போன வாரம் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. பேத்தி அதைக் காட்டி "பாட்டி" என்றாள். "இதோ இருக்கேன்டி" என்று ஓடினேன். என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் ஏறி, கடிகாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் திறந்து, உள்ளே இருந்த பேட்டரியைத் தொட்டு மறுபடியும் "பாட்டி" என்றாள். அவள் பையைப் பிடித்து இழுத்த அன்றைக்கு அதற்குள் டார்ச் லைட் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மருமகள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பி நாலு கொடுத்திருப்பேன். அவள் புது பேட்டரியை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் போனேன். "நீங்களே சந்தோஷமா சொன்னதுதானே, பாட்டி?" என்கிறார். அவர் மட்டும்தான் என்னைப் பாட்டி என்று கூப்பிடுகிறார்.

உன் மகன் நன்றாக இருக்கட்டும். அவன் காதுக்கு நோவு வேண்டாம். வரவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடு. அதை மருமகளிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வெறுங்கையோடு அவள் எதிரில் போய் நிற்க எனக்கு முகமில்லை.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
பெரியம்மா