ஒரே நேரம் காட்டும் இரண்டு கடிகாரங்கள்

செவ்வாய், இரவு

எங்கள் நகராட்சி அலுவலகச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்றில் பினாங்கு நேரம். மற்றதில் ஜப்பானிலுள்ள எங்கள் சகோதர நகரத்தின் நேரம். அது ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இன்று காலை இரண்டும் ஒரே நேரம் காட்டின. இரண்டாவதன் கீழே ஏதோ சீன நகரத்தின் பெயர்.

"இனிமே ஒப்பந்தம் இவங்களோடதான் அக்கா. ஜப்பான் முடிஞ்சிருச்சு," என்றான் பக்கத்து மேசை செல்வம். அவனுக்குப் போன மாதமே தெரியுமாம்.

"ஏன்டா சொல்லல?"

"நீங்க ஹருகோகிட்ட ஒளறிருவீங்கன்னு பாஸ் சொல்லிட்டாரு லா."

ஹருகோ அந்த ஜப்பான் நகராட்சியில் நான் இங்கே பார்க்கும் அதே வேலையைப் பார்ப்பவள். போன வாரம்தான் வீடியோவில், குழுவோடு கட்டாயம் வாருங்கள் என்று அழைத்தேன். செல்வமும் பக்கத்தில் நின்று கையாட்டினான், பாவி!

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி: எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம். நான் பதில் போடவில்லை.

இங்கே பதினொன்றரை. அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள்.