ஹாப்ஸ் பூ இன்னும் பாட்டிலில்தான் இருக்கிறது

என் அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தால் சண்டைதான் போட்டிருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். வராந்தாவில் சித்தப்பா படுத்திருக்கிறார். அரிக்கேன் திரியைக் குறைத்து வைத்திருக்கிறேன். வெளிச்சம் போதவில்லை, எழுத்து கோணினால் திட்டாதீர்கள்.

கிணற்றடிப் பந்தலில் புடலைக்குப் பக்கத்தில் நீங்கள் நட்ட ஹாப்ஸ் கொடி நன்றாக இருக்கிறது. பீருக்குக் கசப்பும் வாசமும் தருவது இதன் பூதான் என்று, கப்பலில் சமையல் வேலை பார்த்த காலத்தில் வேரை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். நம் வெயிலில் மூன்று வருஷம் வெறும் இலை. நாலாம் வருஷம் ஒரு கைப்பிடி பூ.

அந்தக் கைப்பிடியில் எந்தப் பீர் காய்ச்சுவது என்று எத்தனை நாள் பேசினீர்கள்! இரண்டு பூவைச் சுடுதண்ணீரில் போட்டு என் நாக்கிலும் ஒரு சொட்டு வைத்தீர்கள். வேப்பங்கொழுந்து மாதிரி இருந்தது. மஞ்சள் பீருக்குப் பூ நிறைய வேண்டுமாம். “கறுப்புதாம்ளா சரி. வறுத்த தானியமே பாதி வேலையப் பாத்துக்கிடும்” என்று சொல்லி, காய்ச்சும் பக்குவத்தை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னீர்கள். பூ காய்வதற்குள் மதுவிலக்கு திரும்ப வந்துவிட்டது. அதற்குக் கீழேயே ‘காய்ச்ச வேண்டாம்’ என்று எழுதச் சொல்லி, பூவைப் பாட்டிலில் போட்டு மூடினீர்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அப்புறம் ஏன் அப்பா? பூவுக்கு அத்தனை யோசித்தவருக்கு, புதுக்கோட்டை தாண்டி உடைமரக் காட்டில் சித்தப்பா காய்ச்சிய சாராயத்தை வாங்கும்போது, இதில் என்னலே கலந்திருக்க என்று கேட்க ஒரு நிமிஷம் இல்லையா?

மறுநாள் காலையில், “ஏளா, விளக்க ஏத்து” என்றீர்கள். ஜன்னல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் போனது மாரடைப்பில் என்று சித்தப்பா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். அம்மாவும் பயத்தில் அதையே சொல்கிறாள். நாளைக்கு உங்கள் நாற்பதாம் நாள் ஜெபம். போதகர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் சித்தப்பா வந்து பாட்டிலைக் கேட்டார். சரக்கின் நாற்றம் தெரியாமலிருக்க அந்தப் பூவைப் போடுவாராம். உங்களைப் புதைத்த பிறகும் காய்ச்சிக்கொண்டுதான் இருக்கிறார். தரமாட்டேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. “நாளைக்கு வாயத் தொறந்தியோ, அந்த நோட்டு போலீஸ் கைக்குப் போவும். ஒங்கப்பனும் காய்ச்சுனவன்தான்னு ஊரு சொல்லும். பாத்துக்கோளா.”

அப்போதே நோட்டை எடுத்து என் பாய்க்கடியில் ஒளித்து வைத்தேன். ஆனால் அடுத்த பானை இறங்கினால் அதைக் குடிக்கிறவர் வீட்டிலும் ஒருத்தி விளக்கேற்ற ஓடுவாளே?

நோட்டை அவர் கொடுக்க வேண்டாம். நானே ஜெபத்துக்கு எடுத்துப் போகிறேன். கடைசிப் பக்கத்தை ‘காய்ச்ச வேண்டாம்’ வரைக்கும் வாசிப்பேன். பிறகு நீங்கள் எதைக் குடித்தீர்கள், யார் கொடுத்தது என்று சொல்வேன். அழுகை வந்தாலும் முடிக்காமல் உட்காரமாட்டேன். இது சத்தியம். உங்கள் மேலுள்ள கோபம் அதற்குப் பிறகும் அப்படியேதான் இருக்கும்.

பகலில் விளக்கேற்றி வந்து உங்கள் முகத்துக்கு நேரே பிடித்து நின்ற,
உங்கள் மகள்